ஜப்பானில் படிக்கும் மாணவர் பண்ணை வீட்டில் ஒரு வார இறுதி தங்குவது எப்படி: அஜிமு வழிகாட்டி

ஃபுக்குவோகாவிலோ பெப்புவிலோ படித்துக்கொண்டு, ஒரு சனி ஞாயிறு விவசாயக் குடும்பம் ஒன்றோடு தங்கி வர விரும்பும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். இடம் அஜிமு. ஓயித்தா மாகாணத்தில் உசா நகராட்சிக்குள் அடங்கிய, திராட்சைக்குப் பெயர்போன மலையடிவார ஊர் இது. விவசாயிகள் தங்கள் சொந்த வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைக்கும் ஏற்பாடு ஜப்பானில் முன்னதாகவே வேரூன்றிய ஊர்களில் இதுவும் ஒன்று என்பதால், வெளிநாட்டவர் வந்து நின்றால் இங்கே யாரும் பதறுவதில்லை. ஆனால் தேவையான விவரங்கள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில், பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன; சீனியர்களைக் கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நான் அலைந்து விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே தருகிறேன்.

படிப்பதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, பணம், போக்குவரத்து ஆகிய மூன்றையும் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டு வாசலில் இறங்கிய பிறகு நடந்து போகும் தூரத்தில் கடையும் இருக்காது, பணம் எடுக்கும் இயந்திரமும் இருக்காது.

1. காசு கொடுத்துத் தங்குவதா, வேலை செய்து தங்குவதா?

இரண்டும் வெவ்வேறு ஏற்பாடுகள். முதலாவதில் நீங்கள் கட்டணம் செலுத்தும் விருந்தினர். வயலில் செய்வது அனுபவத்துக்காக. களைத்துப்போனால் திண்ணையில் உட்கார்ந்துவிடலாம். இரண்டாவதில், வூஃப் போன்ற அமைப்புகளின் வழியாகப் பண்ணையில் சில மணி நேரம் உழைத்து, அதற்கு ஈடாக உணவும் உறைவிடமும் பெறுகிறீர்கள்.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் முதல் வழியையே தேர்ந்தெடுக்குமாறு சொல்வேன். படிப்பைத் தவிர வேறு வேலை செய்ய நமக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதும், அனுமதி பெற்றாலும் கல்வித் தவணை நடக்கும்போது வாரத்துக்கு 28 மணி நேரம்தான் உச்சவரம்பு என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உழைப்புக்குப் பதிலாகக் கிடைக்கும் சோறும் படுக்கையும் ஊதியத்தில் சேருமா என்ற கேள்வி எழுந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், பண்ணைக்காரர் அல்ல. அப்படித்தான் போவேன் என்றால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதிக்காக விசாவைப் பணயம் வைப்பது எனக்கு உகந்ததாகத் தோன்றவில்லை.

2. மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

"எப்போது வேண்டுமானாலும் வரலாம்" என்பார்கள். உண்மைதான், ஆனால் நீங்கள் பார்க்க விரும்புவது அந்த மாதத்தில் நடக்க வேண்டுமே. இப்பகுதியில் நாற்று நடவு ஜூனில் நடக்கும். அதே சமயம் மழைக்காலமும் தொடங்கிவிடும். ஆகஸ்ட்டிலும் செப்டம்பரிலும் திராட்சை, அக்டோபரில் நெல் அறுவடை. டிசம்பர் கடைசியில் பல வீடுகளில் புத்தாண்டுக்காக மோச்சி என்ற அரிசிப் பலகாரத்துக்கு இடிப்பார்கள்.

ஆகஸ்ட் 13 முதல் 16 வரையிலான ஓபோன் நாட்களில் கேட்காதீர்கள். முன்னோரை வழிபட ஊருக்கு வரும் சொந்தக்காரர்களால் வீடு நிறைந்திருக்கும். மறுக்க மனமில்லாமல் வீட்டார் தயங்கித் தயங்கிப் பதில் எழுதுவதையும் தவிர்க்கலாம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வரையிலான தொடர் விடுமுறைக்கும், புத்தாண்டுக்கும் இதுவே பொருந்தும். திராட்சைப் பருவத்தின் இன்னொரு சிக்கல் புயல். செப்டம்பரில் புயல் வந்தால் ரயிலை முன்கூட்டியே நிறுத்திவிடக்கூடும்.

என்னைக் கேட்டால் அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையோடு சேர்ந்து வரும் மூன்று நாள் விடுமுறையைச் சொல்வேன். ஒரே ஓர் இரவு தங்கினால், சனி மாலை போய்ச் சேர்ந்து குளித்துச் சாப்பிடுவதிலும் ஞாயிறு காலை மூட்டை கட்டுவதிலும் நேரம் போய்விடும். வயலில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம். இரண்டு இரவு என்றால் நடுவில் ஒரு முழு நாள் உங்களுடையது.

3. முன்பதிவு

அஜிமுவில் விருந்தினரை ஏற்கும் குடும்பங்களை ஒருங்கிணைக்கும் கிரீன் டூரிசம் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் அலுவலகத்துக்கு எழுதினால், உங்கள் தேதிக்கும் தேவைக்கும் ஏற்ற வீட்டை அவர்களே பொருத்தித் தருவார்கள். இடைத்தரகு இணையதளங்கள் வழியாகவும் பதிவு செய்யலாம், ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிப்பட்ட தளம் ஒன்றில் நான் கேட்ட உணவு பற்றிய கேள்வி வீட்டாரைச் சென்றடையவே இல்லை. பணம் பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டும் உடனே வந்தது.

சாதாரண வார இறுதிக்கு மூன்று வாரம் முன்பும், திராட்சைப் பருவத்துக்கும் தொடர் விடுமுறைக்கும் ஒன்றரை மாதம் முன்பும் எழுதிவிடுங்கள். கடிதம் ஜப்பானிய மொழியில் இருக்கட்டும். எளிய சொற்களில் எழுதி, ஆய்வகத் தோழர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொண்டால் போதும். வரும் நாள், கிளம்பும் நாள், எத்தனை பேர், ஆணா பெண்ணா, வயது, ஜப்பானிய மொழி எந்த அளவுக்குத் தெரியும், எந்த ரயில் நிலையத்தில் இறங்குவீர்கள், எந்த வேலையைப் பார்க்க ஆசை, என்னென்ன சாப்பிட மாட்டீர்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்களிடம் பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்கப்படலாம்.

பதில் வந்ததும் ரத்து விதிகளைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை நாள் முன்பு வரை கட்டணம் இல்லை, புயலால் ரயில் நின்றால் என்ன கணக்கு என்ற இரண்டும் தெளிவாக வேண்டும். பயணம் தடைப்படுமானால் மின்னஞ்சல் போதாது, தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். உங்களுக்கான காய்கறியை அவர்கள் முதல் நாளே பறித்து வைத்திருப்பார்கள்.

4. உணவு பற்றித் தனியாக ஒரு கடிதம்

நம்மவர் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். "நான் சைவம்" என்று எழுதினால் வேலைக்காகாது. ஜப்பானியக் கிராமத்து மூதாட்டி ஒருவருக்கு அந்தச் சொல், இறைச்சித் துண்டுகளைக் குறைத்துக் காய்கறியைக் கூட்ட வேண்டும் என்ற அளவுக்கே பொருள்படலாம். இறைச்சி, மீன், முட்டை, பால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, "சாப்பிடுவேன்", "சாப்பிட மாட்டேன்" என்று பிரித்து எழுத வேண்டும்.

அதற்கும் மேல் தாஷி என்ற ஒன்று இருக்கிறது. மிசோ சூப், வேகவைத்த காய்கறி, நூடுல்ஸ் குழம்பு ஆகிய அனைத்துக்கும் அடிப்படையான சாறு அது. பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற உலர்த்திய மீனைச் சீவிப் போட்டுக் காய்ச்சுகிறார்கள். தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசி என்று விற்கிறார்களே, கிட்டத்தட்ட அதே பொருள்தான், சூரை மீன்தான். கண்ணுக்கு மீன் தெரியாது. சமைப்பவரும் அதை மீன் உணவாக எண்ணுவதில்லை. ஆகவே "மீன் சாப்பிட மாட்டார்" என்று தெரிந்தும், முழு நல்லெண்ணத்தோடு, மீன் சாற்றில் வேகவைத்த பூசணிக்காயை உங்கள் முன் வைப்பார்கள். மாற்றும் உண்டு: கொம்பு என்ற கடற்பாசியிலும் உலர்ந்த ஷீத்தாக்கே காளானிலும் நல்ல தாஷி எடுக்கலாம். அவற்றைப் பயன்படுத்துமாறு கேட்டால் எந்த வீட்டிலும் சிரமப்பட மாட்டார்கள், ஏனெனில் இரண்டுமே அடுக்களையில் ஏற்கெனவே இருக்கும்.

கடிதத்தில் எழுதியதோடு, போய்ச் சேர்ந்ததும் வாயாலும் ஒருமுறை சொல்லுங்கள்: "நிக்கு தோ சகானா வா தபெராரெமசென்" என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது. "கட்சுவோ தாஷி மோ தபெராரெமசென்" என்றால் மீன் தாஷியும் ஆகாது. "கொம்பு தாஷி வா தைஜோபு தெசு" என்றால் கடற்பாசித் தாஷி பரவாயில்லை.

எதிர்பாராத பொறி ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறீர்கள் என்று தெரிந்தால், உங்களை மகிழ்விக்கவே சிலர் கறி செய்வார்கள். கடையில் கட்டியாக விற்கும் ஜப்பானியக் கறிக் கலவைகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கும். உருளைக்கிழங்கும் கேரட்டும் மட்டும் போட்டுச் செய்தாலும் அது சைவம் ஆகாது, ஹலாலும் ஆகாது. "கறி வேண்டாம், நீங்கள் அன்றாடம் சாப்பிடுவதைச் சாப்பிட ஆசை" என்று முன்பே எழுதிவிட்டால் யார் மனமும் நோகாது. இஸ்லாமிய மாணவர்கள் பன்றி இறைச்சியோடு, சமையலில் ஊற்றும் சாக்கேயையும் மிரினையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். இரண்டும் மது வகை. பஜ்ஜி போன்ற தெம்புராவின் மாவில் முட்டை கலப்பது வழக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பயந்துவிடாதீர்கள், சைவர்களுக்கும் அங்கே நிறைய உண்டு. புதுநெல் சோறு, தோட்டத்துக் கீரை, டோஃபு, கொன்னியாக்கு என்ற கிழங்குக் கட்டி, வீட்டு ஊறுகாய் எல்லாம் கிடைக்கும். யசெஉமா என்ற ஓயித்தா பலகாரத்தைக் கேட்டுப் பாருங்கள்: கோதுமை மாவைப் பட்டையாக இழுத்து, வேகவைத்து, வறுத்த சோயா மாவிலும் சர்க்கரையிலும் புரட்டித் தருவார்கள். பொட்டுக்கடலை மாவில் சர்க்கரை கலந்து தின்று வளர்ந்தவர்களுக்கு அந்தச் சுவை பழகியதாகவே இருக்கும்.

5. ஆவணங்களும் காப்பீடும்

வசிப்பிட அட்டையை எடுத்துச் செல்லுங்கள். பதினாறு வயது நிரம்பிய வெளிநாட்டவர் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தவறினால் 2,00,000 யென் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. கடவுச்சீட்டு தேவையில்லை. விடுதிப் பதிவேட்டில் கடவுச்சீட்டு எண் கேட்கும் விதி ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவருக்கானது. உங்களுக்கு முகவரி இருப்பதால் பெயர், முகவரி, தொடர்பு எண் போதும். யாரேனும் கேட்டால் வசிப்பிட அட்டையைக் காட்டுங்கள்.

மாணவர் அடையாள அட்டையும் கட்டாயம். காரணத்தைப் பயணப் பகுதியில் சொல்கிறேன். தேசிய சுகாதாரக் காப்பீட்டுக்கு, காப்பீட்டு அட்டையாகப் பதிவு செய்த மை நம்பர் என்ற அடையாள எண் அட்டையோ தகுதிச் சான்றோ கையில் இருக்கட்டும். மருத்துவரிடம் போக நேர்ந்தால் செலவில் பத்தில் மூன்று பங்கு நீங்கள், ஏழு பங்கு காப்பீடு.

பல்கலைக்கழகத்தில் சேரும்போது கட்டிய மாணவர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் வகுப்பு, ஆய்வகம், கல்லூரி நிகழ்ச்சிகளோடு தொடர்புடைய விபத்துகளுக்குத்தான். நீங்களாகப் போகும் வார இறுதிக்கு அது பொருந்தாது. வீட்டாரோ ஒருங்கிணைப்பு அமைப்போ விருந்தினருக்குக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா என்று முன்பதிவுக் கடிதத்திலேயே கேளுங்கள்.

6. செலவுக் கணக்கு

இரவு உணவும் காலை உணவும் சேர்த்து ஓர் இரவுக்கு ஒருவருக்கு 8,000 முதல் 12,000 யென் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வயல் அனுபவத்துக்கும் மதிய உணவுக்கும் தனிக் கட்டணம் இருக்கலாம். வீட்டார் அருகிலுள்ள வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப் போனால் நுழைவுக் கட்டணம் உங்களுடையது. ஃபுக்குவோகாவிலிருந்து விரைவு ரயிலில் ஒரு வழிக்கு ஏறத்தாழ 5,000 யென், கையுறைக்கும் பரிசுக்கும் ஒரு 2,000. ஆக ஓர் இரவுப் பயணத்துக்கு 25,000 யென் எடுத்து வைத்தால் நெருக்கடி இராது. பெப்பு மாணவர்களுக்குப் பயணச் செலவு இதில் ஒரு சிறு பகுதிதான்.

ரொக்கமாகக் கொண்டுபோங்கள். பல வீடுகளில் அட்டையோ பேபே என்ற கைபேசிச் செயலியோ ஏற்பதில்லை. சரியான தொகையைக் கசங்காத தாள்களில், சாதாரண வெள்ளை உறையில் போட்டு, உங்கள் பெயரை எழுதி வைத்துவிடுங்கள். சிவப்பு வெள்ளை முடிச்சு போட்ட அலங்கார உறை திருமணம் போன்ற விசேஷங்களுக்கானது, அதை வாங்காதீர்கள்.

7. பயணம்

அஜிமுவுக்கு ரயில் கிடையாது. உசா நிலையத்தில் இறங்க வேண்டும். ஃபுக்குவோகா நகரின் முக்கிய நிலையமான ஹக்காத்தாவிலிருந்து சோனிக் என்ற விரைவு ரயில் வருகிறது, ஆனால் எல்லாச் சோனிக் வண்டிகளும் உசாவில் நிற்பதில்லை. அட்டவணையைப் பார்க்காமல் வந்த வண்டியில் ஏறினால் பெப்பு வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும். பெப்புவிலிருந்து நிப்போ பாதையின் சாதாரண வண்டியே போதும்.

ஒரு வழித் தொலைவு 100 கிலோமீட்டரைத் தாண்டினால் மாணவருக்கு அடிப்படைக் கட்டணத்தில் பத்தில் இரண்டு பங்கு, அதாவது நூற்றுக்கு 20 தள்ளுபடி உண்டு. ஹக்காத்தாவிலிருந்து உசா 140 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் தகுதி பெறுகிறது. பெப்புவிலிருந்து 45 கிலோமீட்டர்தான், தகுதி பெறாது. இதற்குப் பல்கலைக்கழகம் தரும் காக்குவாரி என்ற மாணவர் தள்ளுபடிச் சான்று வேண்டும்; அந்தச் சீட்டில் பயணிக்கும்போது மாணவர் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். வார நாளிலேயே எடுத்துவிடுங்கள். சான்றின் ஆயுள் மூன்று மாதம். விரைவு ரயிலுக்கான கூடுதல் கட்டணத்தில் தள்ளுபடி இல்லை. ஆராய்ச்சி மாணவர் என்ற நிலையில், அதாவது முதுகலைச் சேர்க்கைக்கு முன் கென்க்யூசெய்யாக வந்திருப்பவர்களுக்கு, இச்சான்று பொதுவாகக் கிடைப்பதில்லை. அவர்கள் ஜேஆர் கியூஷூ ரயில் நிறுவனத்தின் இணையவழி முன்பதிவுத் தள்ளுபடிகளைப் பார்க்கலாம். சில நாட்களில் அது காக்குவாரியைவிடவும் மலிவு.

உசாவிலிருந்து வீட்டார் காரில் வந்து அழைத்துப்போவார்களா என்பதை உறுதி செய்துகொண்டே பயணச்சீட்டு வாங்குங்கள். பேருந்து இருக்கிறதே என்று நம்பிப் போவது வார இறுதியில் ஆபத்து, ஏனெனில் அன்று வண்டிகள் மிகக் குறைவு. பேருந்தில்தான் போக வேண்டும் என்றால், ஏறும்போது எண் அச்சிட்ட சீட்டை எடுத்து, இறங்கும்போது சில்லறையாகச் செலுத்த வேண்டும். 10,000 யென் தாளை ஓட்டுநரிடம் நீட்டினால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

8. மூட்டை

முழுக்கை சட்டை, முழுக்கால் சட்டை, கழுவினால் உலரும் பழைய காலணி, தொப்பி, கையுறை, இரண்டு மூன்று சோடிக் காலுறை. ரப்பர் பூட்ஸ் அங்கே இருக்கும், ஆனால் உங்கள் கால் 28 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் அளவு கிடைக்காது, முன்பே சொல்லுங்கள். நவம்பருக்குப் பிறகு போகிறவர்கள் தெர்மல் உள்ளாடை கொண்டுபோக வேண்டும். பழைய மரவீடுகளில் மனிதர் இருக்கும் அறையை மட்டும்தான் சூடாக்குவார்கள், கழிப்பறைக்கு நடக்கும் தாழ்வாரத்தில் மூச்சு புகையாக வரும்.

பரிசாக ஃபுக்குவோகாவில் 1,000 யென் அளவில் ஓர் இனிப்புப் பெட்டி போதும். ஊரிலிருந்து வந்த முறுக்கோ கடலை மிட்டாயோ இருந்தால் அதைவிட நல்லது. காரமான மிக்சர் வேண்டாம்.

9. வீட்டுக்குள்

வாசலில் காலணியைக் கழற்றி, நுனி வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வையுங்கள். தாழ்வாரத்துச் செருப்போடு தாத்தாமிப் பாயில் ஏறக்கூடாது. கழிப்பறைக்கு வேறு செருப்பு. அதை மாட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்துவிடுவது எல்லாப் புதியவர்களும் செய்வதுதான், பாட்டிமார் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

குளியலில் மட்டும் சலுகை எதிர்பார்க்காதீர்கள். தொட்டிக்கு வெளியே உள்ள சிறு முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, நுரை முழுதும் போகக் கழுவிய பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். அந்தத் தண்ணீர் உங்களுக்காக மட்டும் நிரப்பியது அல்ல. விருந்தினர் என்பதால் உங்களை முதலில் அனுப்புவார்கள். உங்களுக்குப் பின் அந்த வீட்டார் அனைவரும் அதே நீரில் இறங்குவார்கள். அதனால் வெளியே வரும்போது அடைப்பைப் பிடுங்கிவிடாதீர்கள், மூடியை மூடி வையுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கமுள்ளவர்கள் அன்று காலையே அதை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் நீரின் மேல் எண்ணெய் மிதக்கும். நீளக் கூந்தலை உயரக் கட்டிக்கொள்ளுங்கள்.

அஜிமுவில் திராட்சை மதுவும் வடிக்கிறார்கள், இரவு உணவோடு ஊற்றித் தர வருவார்கள். ஜப்பானில் மது அருந்தும் வயது இருபது. குடிக்காதவர்கள் கோப்பையின் மேல் கையை வைத்து "நொமெமசென்" (குடிக்க முடியாது) என்று சொன்னால் பார்லித் தேநீர் வந்துவிடும், யாரும் வற்புறுத்துவதில்லை.

10. வயலில்

சொல்லிக்கொடுக்கும் வரை அரிவாளைத் தொடாதீர்கள். ஜப்பானிய அறுவடை அரிவாள் உடல் பக்கமாக இழுத்து அறுப்பது. நெல் தாளைப் பிடிக்கும் கையின் கட்டைவிரல் மேல்நோக்கி இருக்க வேண்டும், கீழ்நோக்கினால் வெட்டுப்படும். புல் மண்டிய வரப்பில் மமுஷி என்ற விரியன் பாம்பு இருக்கலாம், ஆகவே பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். மாலையில் குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்; ஒட்டியிருந்தால் பிடுங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். திராட்சைக் குலையை வெறுங்கையால் தடவிப் பார்க்காதீர்கள். மேலே படிந்திருக்கும் வெண்பூச்சு அழிந்தால் அந்தக் குலையின் விலை குறையும்.

11. கிளம்பும் நாளும் அதற்குப் பிறகும்

காலையில் மெத்தையை மூன்றாக மடித்து, விரிப்பையும் தலையணை உறையையும் தனியே அடுக்கி வையுங்கள். பண உறையைச் சாப்பாட்டு மேசையில் நீட்டாமல், கிளம்புவதற்குச் சற்று முன் இரு கைகளாலும் கொடுங்கள். வீட்டாரின் முகமோ வீட்டு முகப்போ தெரியும் படங்களைச் சமூக ஊடகத்தில் போடுவதென்றால், அங்கேயே கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள்.

காய்கறிப் பை ஒன்று கட்டாயம் கையில் திணிக்கப்படும். மறுத்துப் பயனில்லை, மடக்கும் துணிப்பை ஒன்றைக் கொண்டுபோயிருப்பது நல்லது. ஒரு வாரத்துக்குள் கையால் எழுதிய நன்றி அட்டையை, எடுத்த படம் ஒன்றோடு அஞ்சலில் அனுப்புங்கள். அவர்களோடு தொடர்பில் இருக்க விரும்பினால் ஆண்டுக்கு ஒருமுறை புத்தாண்டு அட்டை போதும். டிசம்பர் 15 முதல் 25-க்குள் பெட்டியில் போட்டால் ஜனவரி 1 அன்று காலை அவர்கள் வீட்டில் இருக்கும்.